தேன்மலைக் கம்பெனியின் டைரக்டர் மாயவன் இறந்துவிட்டார்

அனுப்புநர்
இருசம்மாள் (வயது 43),
க/பெ. காலஞ்சென்ற மாயவன்,
காலனித் தெரு, மேட்டுக்கொட்டாய்,
கச்சிராயபாளையம் வழி,
கள்ளக்குறிச்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு கம்பெனிகளின் பதிவாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: தேன்மலை அக்ரோ ஸ்டார்ச் லிமிடெட் என்ற கம்பெனிக்கு டைரக்டர் என்று என் கணவர் பெயருக்கு நோட்டீஸ் வந்தது – அவர் 1997 ஆடி மாதமே இறந்துவிட்டது – கம்பெனி முதலாளி கருமாதிக்கே நேரில் வந்திருந்தும் அதை மறைப்பது – அவரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவரிடம்தான் முதலில் போனேன். நான் சொன்னதில் பாதியை அவர் எழுதவில்லை. "கோடிப் புடவைக் கதை எல்லாம் ஆபீசருக்கு எதுக்கும்மா, சுருக்கமா சொல்லு" என்றார். எனக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தக் கோடிப் புடவைதான். அதனால் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படிக்க வேண்டும்.

1. என் கணவர் மாயவன் கூலி வேலை செய்தவர். கரும்பு வெட்டப் போவார், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போவார். 1994-ஆம் வருடம் சேலம் பக்கத்திலிருந்து தங்கமணி என்பவர் காரில் வந்து, எங்கள் ஊருக்கும் கல்வராயன் மலை அடிவாரத்துக்கும் நடுவில் இருந்த மேட்டுக் காட்டை வாங்கினார். மரவள்ளியை அரைத்து மாவெடுக்கும் மில் வரப்போகிறது, மலைமேல் விளைகிற கிழங்கு எல்லாம் இனிமேல் இங்கேதான் இறங்கும் என்றார். வேலி போட்டதும் என் கணவரைக் காவலுக்கு வைத்தார். வேலி போட்ட அன்றைக்குச் சேர்ந்தவர், இறக்கிற அன்றைக்கும் அங்கேதான் இருந்தார். காவல்காரர் என்பதைத் தவிர அவர் அங்கே வேறு எதுவும் இல்லை.

2. அந்த வருடமும் அடுத்த வருடமும் எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் ஷேர் பேச்சாகவே இருந்தது. உரக் கடையில் யூரியா மூட்டைக்குப் பக்கத்திலேயே ஷேர் பாரம் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் விவசாயி கந்தசாமிக் கவுண்டர் கரும்புப் பணத்தை வீட்டுக்குக் கொண்டு போகாமல் நேராக உரக் கடையில் கொடுத்துப் பாரம் எழுதினார். ரிஷிவந்தியம், திருக்கோவிலூர் வரைக்கும் ஆட்கள் வாங்கினார்கள் என்று கேள்வி. நாங்கள் வாங்கவில்லை. வாங்குவதற்கு எங்களிடம் இல்லை. அதனால் எங்களுக்கு நஷ்டமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

3. மில்லில் முதலில் கட்டியது புகைபோக்கி. அது மட்டும் நல்ல உயரம், மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அதற்குக் கீழே பாய்லர் இல்லை, மிஷின் இல்லை, நாலு சுவரும் தகரக் கொட்டகையும்தான். ஒரு நாள் பட்டணத்திலிருந்து பெரிய மனிதர்கள் பஸ் வைத்துக்கொண்டு பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். அன்று காலையில் லாரி லாரியாகக் கிழங்கு வந்து கேட்டண்டை குவிந்தது. என் கணவருக்குப் புதுச் சட்டை கொடுத்து, கிழங்குக் குவியலுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். புகைபோக்கிக்கு அடியில் பழைய டயரையும் பச்சைத் தழையையும் போட்டுக் கொளுத்தச் சொன்னார்கள். கொளுத்தியவர் என் கணவர்தான். வந்தவர்கள் கறுப்புப் புகையைப் பார்த்தார்கள், சாமியானாவில் சாப்பிட்டார்கள், போனார்கள். சாயங்காலம் அதே லாரிகளில் அதே கிழங்கு திரும்பிப் போனது.

அதற்கு அடுத்த வாரம் பேப்பரில் ஷேர் விலை ஏறியது. கந்தசாமிக் கவுண்டர் டீக்கடையில் என் கணவரைக் கூப்பிட்டு, "டேய் மாயவா, நீ அடுப்பு பத்த வச்சா எனக்கு ஷேர் ஏறுதுடா. தெனம் பத்த வையேன்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தபடியே வந்துதான் இதை என்னிடம் சொன்னார். நான் சிரிக்கவில்லை. சந்தையில் ஆட்டுக் குட்டி பிடிக்கிறவர்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ஒரு மில்லையே வாங்குகிறவர்கள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் ஒருவராவது திரும்பி வந்திருந்தால் அடுப்பு அணைந்து கிடந்ததைக் கண்டிருப்பார். கணக்குப் பார்க்க ஆடிட்டர் என்று ஒருவர் வருவார். அவர் காரை விட்டு இறங்கினதே இல்லை, கண்ணாடியை இறக்கிக் கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போவார் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அவர் எதைப் பார்த்தார், எதை எழுதினார் என்று தாங்கள் அவரிடமும் கேட்க வேண்டும்.

4. 1996 தையில் முதலாளி என் கணவரைக் கூப்பிட்டு, "உன்னைக் கம்பெனியில் நிரந்தரம் ஆக்குகிறேன்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். என் கணவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். அறிவொளி இரவு வகுப்பில் கற்றுக்கொண்டது. எழுதத் தெரிகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, எங்கே போடச் சொன்னாலும் போடுவார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது கறி எடுத்துக்கொண்டு வந்தார். "இனிமே யாரு வூட்டுக் கரும்புக்கும் போவ வேணாண்டி, நெரந்தரம் ஆயிட்டேன்" என்றார். டைரக்டர் என்ற வார்த்தையை அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் சொல்லாமல் இருக்க மாட்டார், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள்.

5. மில் ஓடவே இல்லை. ஆனால் மலைமேல் இருக்கிற ஜனங்கள் மில்லை நம்பி, தினையும் சாமையும் போட்ட கொல்லையில் எல்லாம் மரவள்ளி வைத்துவிட்டார்கள். விளைந்ததும் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து தலைச் சுமையாகவே இறக்கிக்கொண்டு வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. முதலாளி வைத்திருந்த சூப்பர்வைசர் பின்பக்கமாகப் போய்விட்டார். "முதலாளி ஊர்ல இல்ல, தூக்கிக்கினு போங்க" என்று சொல்ல வேண்டிய வேலை என் கணவருக்கு வந்தது. மறுபடியும் மலை ஏறிச் சுமக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? கேட்டுக்கு உள்ளே கொட்டிவிட்டு, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். அந்தக் கிழங்கு கொட்டகையில் அழுகியது. கிழங்குக்கு எலி வந்தது. எலிக்குப் பாம்பு வந்தது. 1997 ஆடி மாதம், பொழுது சாய்கிற நேரத்தில், கொட்டகையைப் பூட்டப் போன என் கணவரைப் பாம்பு தீண்டியது. ஓடுகிற மில்லாக இருந்தால் அந்த இடத்தில் புதர் ஏது, எலி ஏது, பாம்பு ஏது? அதனால் அவர் சாவுக்குப் பாம்பு மட்டும் காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பால் வண்டியில் போட்டுக் கச்சிராயபாளையத்துக்குக் கொண்டு போனோம். பாதி வழியிலேயே என் மடியில் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை, அதனால் அங்கே எழுத்து இல்லை. சூப்பர்வைசர், "போலீசுக்குப் போனா உடம்பை அறுத்துப் பொட்டலமாத்தான் குடுப்பாங்க" என்று சொல்லிப் பயமுறுத்தினார், அதனால் அங்கேயும் எழுத்து இல்லை. கோமுகி ஆற்றோரத்தில் எங்கள் சுடுகாட்டில் அடக்கம் செய்தோம்.

6. ஐயா, இனிமேல் எழுதுவதுதான் முக்கியம். எங்கள் பக்கத்தில் கணவன் இறந்தால், கருமாதி அன்றைக்கு அவன் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டு வந்து அவள் தோளில் போடுவார். போட்டுவிட்டால் இவளைக் கேட்க ஆள் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும். எனக்குக் களமருதூர் பக்கம் பிறந்த ஊர். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. கருமாதி அன்று என் பிறந்த வீட்டுக் கோடி வைக்கிற தட்டு காலியாக இருந்தது. பொம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது முதலாளி தங்கமணியின் கார் வந்து தெருமுனையில் நின்றது. அவர் அதுவரை எங்கள் தெருவுக்குள் கால் வைத்தவர் இல்லை. கையில் தாம்பாளத்துடன் இறங்கினார். "பொறந்த வூட்டுக் கோடி யாரு போடறது?" என்று கேட்டார். பொம்பளைகள் காலித் தட்டைக் காட்டினார்கள். "கூடப் பொறந்தவன் இல்லன்னா இன்னா, நான் இருக்கேன்" என்று சொல்லி, மெரூன் கலர் ஜரிகைப் புடவையைத் தன் கையாலேயே என் தோளில் போட்டார். தெருவே அழுதது. நானும் அவர் காலில் விழுந்து அழுதேன். எந்தச் சாதியோ, எந்த ஊரோ, இப்படி ஒரு மனுஷனா என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டோம்.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது: "அண்ணன் இருக்கேன், நீ எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையற? சாவுச் சர்ட்டிபிகேட், நஷ்ட ஈடு, எல்லாம் கம்பெனியே பாத்துக்கும். நீ பாட்டுக்கு யாருகிட்டயாவது எழுதிக் குடுத்துக் குழப்பிடாத." மறுநாளே தலையாரி வந்து, சாவைப் பதிய வேண்டும், வந்து சொல்லு என்றார். "எங்க அண்ணன் பாத்துக்கறாரு" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினவள் நான்தான். தோளில் கோடி போட்டவர் பேச்சைத் தாண்டி இன்னொருத்தரிடம் போய் நிற்பது எங்களில் வழக்கம் இல்லை. அது தங்கமணிக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறார். கூலி கேட்டுப் போனாலே வாசலில் நிற்க வைக்கிறவர், ஒரு காவல்காரன் கருமாதிக்கு ஜரிகைப் புடவையோடு ஏன் வந்தார் என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று எனக்குப் பேர். அந்த ஒரு நாள் படவில்லை.

7. இந்த வருடம் ஆவணியில் இரண்டு பேர் பைக்கில் வந்து தங்கள் அலுவலகத்து நோட்டீஸ் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் என் கணவர் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டுப் பின்னால் 'டைரக்டர்' என்று இருந்தது. உயிரோடு இருந்த வரைக்கும் அவரை யாரும் திரு என்று கூப்பிட்டதில்லை. மேல் விலாசத்தைத் தவிர நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்ததால் அவர்களில் ஒருவர் படித்து அர்த்தம் சொன்னார். 1998 தை மாதம் கம்பெனியில் கூட்டம் நடந்ததாம். மிஷின் வாங்க வைத்திருந்த மொத்தப் பணத்தையும் வேறு ஒரு கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று தலைவராக உட்கார்ந்து முடிவு செய்தவர் திரு. மாயவன் என்பவராம். தங்கமணி அதற்கு முன்பே விலகிவிட்டாராம். "எனக்குப் பின் எல்லாப் பொறுப்பும் மாயவனுடையது, அவர் இப்போது எங்கே தலைமறைவாக இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது" என்று தங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

ஆடியில் அடக்கம் செய்த ஆள் தையில் எப்படி ஐயா நாற்காலியில் உட்காருவார்? உயிரோடு இருந்தபோது அந்தக் கொட்டகையில் அவருக்கு ஸ்டூல்கூடப் போடவில்லை.

அந்த இரண்டு பேரும் தங்கள் ஆட்கள்தானா என்றும் எனக்குத் தெரியவில்லை. தங்கமணி ஏவி விட்ட ஆட்களோ, நான் என்ன பேசுகிறேன் என்று வேவு பார்க்க வந்தவர்களோ என்று பயமாக இருந்தது. அதனால் அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அது தப்பாகப் போயிற்று. பேசாமல் நின்றதைப் பார்த்து, விஷயம் இருக்கிறது என்று ஊருக்குள் ஆகிவிட்டது.

8. ஷேர் வாங்கினவர்கள் எல்லோரும் என் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பறிகொடுத்தவர்கள். பட்டணத்தில் கம்பெனி ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது டுடோரியல் நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். எங்கள் தெருச் சாவுக்கு அவர்கள் யாரும் வந்ததில்லை, வருகிற வழக்கமும் இல்லை. அதனால் என் கணவர் உடம்பை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. கந்தசாமிக் கவுண்டர், "இருசா, எங்க ஒளிச்சி வச்சிக்கினு இருக்க அவன? பத்த வச்சவன் அவன்தான?" என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள். அவர் மனைவி பாப்பாத்தி, களை எடுக்கக் கொல்லைக்குப் போன என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். "டைரக்டர் பொண்டாட்டி எல்லாம் களை எடுக்கக் கூடாது" என்றார். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்து ஒன்று சொன்னார், "புருசன் உசுரோட இருக்கறப்பவே தாலிய அறுத்துக்கினு நாடகம் ஆடறவ" என்று. அதை எப்படிப் பொறுப்பேன்? இப்போது எந்தக் கொல்லையிலும் என்னைக் கூப்பிடுவதில்லை.

போன மாதம் ஒருவர், மாயவனைத் திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், சிங்கப்பூர்ச் சட்டை போட்டுக்கொண்டு பழம் வாங்கிக்கொண்டிருந்தான் என்று சொன்னார். நான் போனேன் ஐயா. பொய் என்று தெரியும். என் மடியில் போன உயிர், என் கண்ணெதிரில் மண் தள்ளிய உடம்பு. தெரிந்துமே முதல் பஸ் பிடித்துப் போய்ப் பழக்கடை வரிசையில் நின்று, வருகிறவன் போகிறவன் முகத்தை எல்லாம் பார்த்தேன். பழக்காரம்மா, "யாரத் தேடற?" என்று கேட்டார். இறந்தவரைக் கூட நிம்மதியாக இறந்தவராக வைத்துக்கொள்ள விடாமல், என்னை இப்படித் தெருவில் தேட வைத்தது தங்கமணி.

9. கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். அவர் நல்லவர். வருடம் தாண்டிவிட்டதால் மேலே உத்தரவு வாங்க வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும் என்கிறார். எங்கள் தெருக்காரர்கள் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். ஆனால், "கம்பெனியில உசுரோட இருக்கற ஆள நான் எப்படிம்மா சாவடிக்கறது? மொதல்ல அங்க போய் எழுதி வாங்கிட்டு வா" என்றார். அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

10. என் கணவர் சாவுக்கு நான் பணம் கேட்கவில்லை. ஷேர் வாங்கினவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியது அவர்கள் பொறுப்பு, அவர்களுக்கும் தாங்கள் நியாயம் செய்ய வேண்டும். தங்கமணி இப்போது வேறு பெயரில் தேக்கு மரக் கம்பெனி நடத்துகிறார், அதற்கும் எங்கேயோ ஒரு காவல்காரனை நிரந்தரம் ஆக்கி வைத்திருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, தாங்கள்தான் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கும் ஒரு மனைவி இருப்பாள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

என் கணவரைப் புதைத்த மேட்டைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றாலும் எனக்குச் சம்மதம். அதன்மேல் எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது, இடம் நான் காட்டுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் தங்கமணியைத் தங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட வேண்டும். அதே நாளில் என்னையும் கூப்பிட வேண்டும். என் தோளில் அவர் போட்ட கோடிப் புடவையை நான் கட்டவில்லை. அண்ணன் போட்டது என்று மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்தேன். கருமாதி மஞ்சள் அதில் ஒரு மூலையில் இன்னும் இருக்கிறது. அதைக் கொண்டு வந்து தங்கள் மேசைமேல் வைக்கிறேன். இந்தக் கோடி எந்தச் சாவுக்குப் போட்டது என்று தாங்கள் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். உயிரோடு இருக்கிறவன் மனைவிக்கு எந்த அண்ணனும் கோடி போட மாட்டான்.

அவர் மாயவன் செத்ததற்குத்தான் போட்டேன் என்று சொன்னால், அதை எழுதி, இன்ன மாதம் இறந்தார் என்று பதிவு செய்து, டைரக்டர் பட்டியலிலிருந்து என் கணவர் பெயரை எடுத்து, அதில் ஒரு நகலை எனக்குத் தர வேண்டும். கந்தசாமிக் கவுண்டரிடமும் பாப்பாத்தியிடமும் நான் காட்ட வேண்டும். இந்த மனுவைக் கம்பெனிக்கே அனுப்பிப் பதில் கேட்டுவிடாமல், தாங்களே விசாரிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். இதைப் போலவே இன்னொன்று எழுதி என்னிடமும் வைத்திருக்கிறேன்.

இல்லை, மாயவன் சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறான் என்று தங்கமணி சொன்னால், எங்கே என்று இடத்தை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். கோடியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அழித்த பொட்டை வைத்துக்கொண்டு, நான் அங்கேயே போய்விடுகிறேன்.

தானே எழுதிப் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுபவள்,

மா. இருசம்மாள்

இடம்: மேட்டுக்கொட்டாய்
நாள்: 18.11.1999